உடனுக்குடன் ஒன்று, மூட்டையாக ஒன்று

நாளைக்கே இந்த உலகம் அழிந்துபோனாலும் யாரும் பயப்பட வேண்டாம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மலையை மலை இருந்த இடத்திலும், கடலைக் கடல் இருந்த இடத்திலும், எதிர்வீட்டுக்காரியின் பல்வலியை அவள் பல்லிலும் திருப்பி வைத்துவிடக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் என் அக்காவின் புருஷன். என்ன, கடைசி இருபது நிமிஷம் மட்டும் விட்டுப்போயிருக்கும். அந்த இருபது நிமிஷத்தில் பிறந்த குழந்தைகள் சிரமம் பார்க்காமல் இன்னொரு தடவை பிறந்துகொள்ள வேண்டியதுதான்.

இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். பாசம் உள்ளவர்கள் ஒரு மனுஷனை அரைக்கண்ணால்தான் பார்ப்பார்கள். வயிறு எரிகிறவளுக்கு மூன்று கண் இருந்தாலும் போதாது. அதனால் மாமாவைப் பற்றி அக்காவுக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு முப்பத்தோரு வயது. ஒல்லி. நடக்கும்போது சுவரோரமாக நடப்பார், நடுவில் யாரோ பெரிய ஆள் வரப்போகிற மாதிரி. சட்டைப் பையில் மூன்று பேனா; மூன்றும் ஒரே நீலம். கல்யாணம் ஆன புதிதில் கேட்டேன்.

"எதுக்கு மாமா மூணு?"

"ஒண்ணு எழுத. ஒண்ணு, அது எழுதலன்னா. ஒண்ணு, பை கிழிஞ்சு ரெண்டும் விழுந்துட்டா."

"பை கிழிஞ்சா மூணும்தானே விழும்?"

மாமா பையைத் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து மூன்றாவது பேனா இடது கால் உறைக்குள் போய்விட்டது. இப்படிப்பட்ட ஆளிடம்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள்.

ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏதோ என்று நினைக்காதீர்கள். ஆறு வருஷம் அவர் செய்தது ஒரே வேலை. டாக்டர்களும் நர்ஸ்களும் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் போன் செய்வார்கள்; இவர் புதிது போட்டுக் கொடுப்பார். "எனக்கு என் பேரே சில நாள் மறந்துடும். எலும்பு டாக்டரோட நாய் பேரு மட்டும் மறக்காது" என்பார். அந்த மேஜைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வேற யாரும் இல்லையா?" என்று கேட்பார்களாம். அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே.

பிறகு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பெட்டி என்றால் நகைப்பெட்டி இல்லை. பீரோ உயரத்துக்குக் கறுப்பாக, குளிரூட்டின அறைக்குள் சின்னச் சின்னப் பச்சை விளக்குகளோடு நின்றுகொண்டிருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேருடைய பெயர், வயது, ரத்தம், ஸ்கேன் படம், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது எல்லாம் அதற்குள்தான். மூன்று வாரம் அதற்கு ஆள் இல்லை. மாமா சாப்பாட்டு நேரத்தில் அந்த அறைக்குப் போய், சாப்பிடாமல், பெட்டியோடு வந்த கனத்த புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கூட்டத்தில் "இது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். "நான் தூக்கலை, கை தானாத் தூக்கிடுச்சு" என்று இன்றைக்கும் சொல்வார்.

என் அம்மா அதே ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்ட்டரில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை அவள் திரை அணைந்துபோய், மாமா சரிசெய்ய வந்தார். விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்னால், "எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்கு அம்மா விழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "தொடறதுக்கு முன்னாடி கேட்கிற பையன்டீ" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் அக்கா, "சரி, அந்தப் பையனை வரச்சொல்லு, பார்க்கலாம்" என்றாள். அதோடு முடிந்தது என் கதை.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை தைப்பாள். கல்யாணத்துக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்யாத அக்கிரமம் இல்லை. பணக்கார வீட்டுப் பையன் சட்டை வந்தால், அக்கா ஒரு கையின் வாயை மட்டும் நுணுக்கமாகத் தைத்து மூடிவிடுவாள். நான் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுப்பேன். அவன் கை வெளியே வராமல் திண்டாடுவதை நான் நடித்துக் காட்ட, அக்கா மிஷின் மேலேயே தலையை வைத்துச் சிரிப்பாள். ஒரு சேதி காதில் விழுந்தால் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூச்சே விடுவாள்.

இப்போது அவர்கள் அதே வீட்டின் மாடியில் இருக்கிறார்கள். கீழே படுத்துக்கொண்டு நான் கூரையைப் பார்க்கிறேன். மேலே அக்கா சிரிக்கிறாள். எதற்கு என்று தெரியாது. சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் சிரிப்பை மட்டும் கேட்பதைப் போல எரிச்சல் உலகத்தில் இல்லை.

சும்மா விடவில்லை நான். பெட்டி செத்துப்போனால் மாமாவின் போன் அலறும். அந்த அலறலை எடுத்துவிட்டு, பக்கத்துத் தெருக் கோழி ஒன்றின் கொக்கரிப்பைப் பதிந்து வைத்தேன். அடுத்த வாரம் நிர்வாகத்தைக் கவனிக்கிற பெரிய மேடத்தின் அறையில், பத்துப் பேர் நடுவில், மாமாவின் இடுப்பு கொக்கரித்தது. வேலை போகும் என்று நினைத்தேன். மாமா எழுந்து நின்று, "மன்னிக்கணும் மேடம், பெட்டில மூணாம் தட்டு செத்திருக்கு, பார்த்துட்டு வரேன்" என்று ஓடினார். அந்தச் சத்தத்தை மாற்றவே இல்லை. "தூக்கத்துலகூட வேற எதோடயும் குழப்பிக்க முடியாது, நல்லா இருக்கு வாலு" என்று எனக்கு நன்றி வேறு சொன்னார். இப்போது பெரிய மேடமே மாமாவைப் பார்த்தால், "கோழி சௌக்கியமா?" என்று கேட்கிறாராம். நாம் தள்ளிவிட நினைத்த ஆள் அந்தத் தள்ளுதலிலேயே ஒரு படி மேலே போய் நின்றால் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடியில் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். நான் சீருடைத் துணிக் குவியல் மேல் படுத்துக்கொண்டு தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தேன். மாமா தரையில் மூன்று நூல்கண்டை மூன்று பெட்டியாக வைத்து, ஒன்று செத்தாலும் சேதி தொலையாமலிருக்க அவர் போட்டிருந்த திட்டத்தை அக்காவுக்குக் கதையாகச் சொன்னார்.

"இது பெரியவன். ஆஸ்பத்திரிலயே இருக்கான். இது சின்னவன், நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரியோட பழைய கட்டடத்துல. இது தூரத்துக்காரன், வேற ஊர்ல."

"மூணு பேர்கிட்டயும் ஒரே சேதி இருக்கணும். அதானே?"

"அதேதான். ஆனா எப்போ போகணும்ங்கறதுலதான் வம்பு. சின்னவனுக்கு உடனுக்குடன். அத்தை ஒரு பேரைப் பதிஞ்சா, பெரியவன் எழுதிக்கிட்டு, சின்னவனும் 'எழுதிட்டேன்'னு சொல்ற வரைக்கும் காத்திருப்பான். ரெண்டு பேரும் தலையாட்டினப்புறம்தான் அத்தைக்கு அடுத்த பக்கம் வரும்."

"அது வரைக்கும் அம்மா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"பக்கத்துலதானே இருக்கான், கண் சிமிட்டற நேரம்கூட ஆகாது. ஆனா தூரத்துக்காரனும் அப்படித் தலையாட்டணும்னா ஒவ்வொரு பேருக்கும் அவ்வளவு தூரம் போய்ட்டு வரணும். வரிசை வாசலத் தாண்டிடும். அதனால அவனுக்கு மூட்டை. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா, என்னென்ன மாறுச்சோ அதை மட்டும் கட்டி அனுப்பறது. யாரும் காத்திருக்க வேண்டாம்."

"அப்போ எல்லாத்துக்கும் மூட்டையே போட்டுடலாமே?"

"மூட்டை கட்டறதுக்குள்ள பெரியவன் செத்துட்டா? அந்தப் பத்து நிமிஷத்துல ஒருத்தருக்கு மருந்து மாத்தி எழுதியிருந்தா?"

அக்கா மிஷினை நிறுத்தினாள். மாமா நூல்கண்டுகளைச் சேர்த்து வைத்தார்.

"உடனுக்குடன்னா ஒண்ணும் தொலையாது, ஆனா மெதுவு. மூட்டைன்னா வேகம், ஆனா கொஞ்சம் தொலையும். அதான் ரெண்டையும் சேர்த்துப் போடறேன்."

"ரெண்டோட நல்லதும் கிடைக்கும்" என்றாள் அக்கா.

"ரெண்டோட கெட்டதும் கிடைக்கும்" என்றேன் துணிக்குள்ளிருந்து.

அக்கா ஒரு பொத்தானை என் மேல் எறிந்தாள். வாய்க்கொழுப்பில் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு என் மண்டைக்குள் ஏறியது வேறு. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் எல்லாம் உடனுக்குடன்; அவர் தலையாட்டாமல் அவள் அடுத்த வார்த்தைக்கே போவதில்லை. எனக்கு வருவது மூட்டை. மாலையில் தண்ணீர் பிடிக்கக் கீழே வரும்போது, அன்றைக்கு நடந்ததில் மிச்சம் மீதியைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவாள். நடுவில் எது விழுந்தது, எது தொலைந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த மூட்டை ஒன்றில்தான் அந்தச் சேதியும் வந்தது. மாமாவின் மூன்று பெட்டி ஏற்பாட்டுக்கு ஆஸ்பத்திரி இரண்டு வாரம் தவணை கொடுத்திருக்கிறது. முதல் வாரம் சின்னவன் மட்டும். இரண்டாம் வாரம் தூரத்துக்காரனையும் சேர்த்து. அந்த வெள்ளிக்கிழமை பெரிய மேடம் முடிவு சொல்வார். சரி என்றால், தூரத்து ஊரில் அந்தப் பெட்டிக்கும் இன்னும் வரப்போகிற பெட்டிகளுக்கும் மாமாதான் பொறுப்பு. மூன்று வருஷம், வீடும் தருவார்கள். சரியில்லை என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, மாமா மறுபடி ஜன்னல் இல்லாத பாஸ்வேர்டு மேஜைக்கு.

"நீயுமா போவ?" என்று கேட்டேன்.

"பின்ன? எல்லா ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு, எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சட்டை போட்டுக்கிட்டுத்தான் வருவாங்க."

"எவ்வளவு தூரம்?"

"பத்து மணி நேரம்." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாமா தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். சும்மா இல்லை. மனப்பூர்வமாக.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை தூரத்துக்காரனையும் சேர்த்து, மாமா காலையிலிருந்து மாலை வரை சோதித்துப் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அங்கேதான் கோட்டைவிட்டார் மனுஷன். பதிவு கவுண்ட்டர் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். வேலை நாளில் முதுகொடிகிற எந்திரத்தை விடுமுறை நாளில் தட்டிக்கொடுத்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் அது நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லும்.

திங்கள்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் என்னைக் கைவிட்டதால், அந்த இரண்டையும் தனியாக எழுதப் படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் தனியாக விட்டால் கோழி பிடிக்கப் போய்விடுவேன் என்று அம்மா என்னைக் கூடவே இழுத்துக்கொண்டு போய், கவுண்ட்டருக்கு நேர் எதிரே காத்திருப்போர் நாற்காலியில் புத்தகத்தோடு உட்காரவைத்துவிடுவாள். பேரைப் பதிகிற நேரம் போக மீதி நேரம் அவள் கண் என் மேல்.

ஒன்பது நாற்பதுக்கு அம்மாவின் கை நின்றது. பக்கத்துக் கவுண்ட்டர்காரியின் கையும் நின்றது. ஐந்து திரையிலும் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் முணுமுணுப்பு. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றாக உயிர் பெற்று ஓடியது. பிறகு மறுபடி நின்றது. கவுண்ட்டர்காரிகள், "காலைலேர்ந்து ஒரே ஸ்லோ" என்றார்கள். அவர்களுக்கு நிமிர்ந்து கடிகாரம் பார்க்க நேரம் ஏது? எனக்கு நேரத்தைத் தவிர வேறு என்ன இருந்தது? என் கையில் அக்காவின் பழைய கடிகாரம். நொடி முள் உள்ளது. நின்ற நேரம், ஓடின நேரம் இரண்டையும் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் எனக்குக் கணக்கு வரும்.

நிற்கிற நேரத்தைப் பார்த்தால் ஒரு ஒழுங்கும் இல்லை. காலையில் இருபத்தைந்து நொடி, கூட்டம் நெரிகிற பதினோரு மணிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல், மதியம் மறுபடி கொஞ்சம். ஆனால் ஓட ஆரம்பித்ததிலிருந்து அடுத்துத் தடுக்கி விழுவது வரை எண்ணினால் எப்போதும் பத்து நிமிஷம். ஒரு நொடி முன்னே பின்னே இல்லை. பத்து. மாமாவின் பத்து.

எனக்கு எதனால் என்று தெரியவில்லை. ஆனால் இது மாமாவின் மூட்டையோடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்துவிட்டது. நோட்டை மூடினேன். சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தச் சந்தோஷத்தைச் செலவழித்தேன். டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார்; எதையும் நம்புவார். அவரிடம் போய், என் பார்வைக்குச் சக்தி உண்டு, பார்த்தாலே கம்ப்யூட்டர் உறையும் என்றேன்.

"போம்மா, எனக்குக் காது குத்தியாச்சு."

"ஒரு டீ பந்தயம். இதோ பாருங்க." கண்ணைச் சுருக்கிக் கவுண்ட்டரை முறைத்தேன். மூன்று, இரண்டு, ஒன்று. ஐந்து திரையும் நின்றது.

அண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது. "இப்போ அவிழ்த்துவிடும்மா, நூத்தி நாப்பத்தாறு ரொம்ப நேரமா நிக்கறாரு."

நான்கு டீ ஜெயித்தேன். நாலாவது டீ குடிக்கும்போது, தூரத்தில் மாமா பெட்டி அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரமாக நடந்து மறுபடி உள்ளே போவதைப் பார்த்தேன். சட்டைப் பையில் பேனா ஒன்றுதான் இருந்தது. டீ கொஞ்சம் கசந்தது. குடித்து முடித்தேன்.

அன்று சாயங்காலம் மாடியில் சிரிப்புச் சத்தம் இல்லை. போய் எட்டிப் பார்த்தேன். மாமா காகிதங்களைப் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பேர் பதிய ஆகற நேரம், சராசரி நல்லாத்தான் இருக்கு. மணிக்கு மணி எடுத்துப் பார்த்துட்டேன், எல்லாம் அளவுக்குள்ள" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கோழிகூடக் கத்தல."

மெதுவாக ஓடினால் கோழி கத்தாது. செத்தால்தான் கத்தும். அதுவும் மணிக்கு நாலைந்து நிமிஷ அவஸ்தையை மீதி ஐம்பத்தைந்து நிமிஷத்தோடு கலந்து பார்த்தால், குடம் பாலில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். பார்க்கிறவனுக்குத் தெரியாது, குடிக்கிறவனுக்குத்தான் தெரியும். சொல்லத் தெரிந்தும் நான் சொல்லவில்லை. அக்கா மாமாவின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள். அதைப் பார்த்ததும் படி இறங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். வரிசை நீண்டிருந்தது. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு தாட்டியான ஆள் அம்மாவின் முன் நின்றார். திரை உறைந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன்.

"என்னம்மா, தூங்கறீங்களா?"

"ஒரு நிமிஷம் சார், கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு சொல்லிக்கிட்டு! வேலை தெரியாதவங்கள எல்லாம் உக்காரவச்சா இப்படித்தான். வீட்ல போய்ப் பேரன் பேத்தியப் பாருங்க!"

பத்தொன்பது வருஷத்தில் அம்மாவின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எனக்கு முன்னால் மாமா போய்விட்டார். எப்போது வந்தார், எங்கே நின்றுகொண்டிருந்தார், தெரியாது. சுவரோரமாக இல்லை, கூட்டத்தின் நடுவில் புகுந்து போனார்.

"சார், அவங்களைத் திட்டாதீங்க. அவங்க மேல தப்பில்ல. இந்தப் பெட்டியை மாத்தி வச்சது நான். என் தப்பு."

"நீ யாருய்யா?"

"நான்தான் சார் அது. என்னைத் திட்டுங்க."

அந்த ஆள் திட்டினார். பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சராசரி நன்றாக இருக்கிறது என்று மாமா சொல்லவில்லை. இவர் என் மாமியார் என்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். திரை உயிர் பெறும் வரை அறுபத்தெட்டு நொடி. நான் எண்ணினேன். அறுபத்தெட்டு நொடி ஒரு மனுஷனைத் திட்டுவதற்கு எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசலில் புகார்ப் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் தாள். ஒன்றை எடுத்து, இடது கையால், கோணல் எழுத்தில் எழுதினேன்.

"உயர்திரு ஐயா அவர்களுக்கு, நான் மூட்டுவலியால் அவதிப்படும் ஓர் ஏழை முதியவன். தங்கள் கம்ப்யூட்டர் கீழ்க்கண்ட நேரங்களில் உறைந்து, கீழ்க்கண்ட நேரங்களில் உருகியது. உருகியதிலிருந்து உறைவது வரை எப்போதும் பத்து நிமிடம் ஆவதை ஐயா அவர்கள் கவனிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் தெரியாது. இப்படிக்கு, மூட்டுவலி."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் கணக்கையும் தாளின் இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதிப் போட்டேன். போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா பெட்டி கட்டுவது கண் முன்னால் வந்தது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் எனக்கு மூட்டையாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அக்கா கொண்டுவந்து கொட்டினாள். புதன்கிழமை மதியமே புகார்த் தாள் மாமா கைக்குப் போய்விட்டது. "பத்து நிமிஷம்" என்ற இடத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். ஒரு மூட்டை போய்ச் சேர்ந்த பிறகு அடுத்த மூட்டைக்கு அவர் வைத்த இடைவெளி அது. பெரியவனுக்கு வெளியே போக ஒரே வழி. சின்னவனிடமிருந்து வர வேண்டிய தலையாட்டலும் அதே வழி. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூட்டை அந்த வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, அம்மா பதிந்த ஒவ்வொரு பெயருக்கும் வர வேண்டிய தலையாட்டல் மூட்டைக்குப் பின்னால் காத்துக்கிடந்தது. கூட்டம் கூடினால் மாற்றம் கூடும், மூட்டை பெருக்கும், காத்திருப்பு நீளும். ஒவ்வொன்றாக வைத்தால் இரண்டும் சமர்த்து. சேர்த்து வைத்தால் அடிதடி.

மாமா மூட்டையைப் பெரியவனிடமிருந்து எடுத்து, சின்னவன் முதுகில் ஏற்றினார். சின்னவன் இருக்கிற கட்டடத்துக்கு வெளியே போகத் தனி வழி உண்டு. வியாழக்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்திலேயே சோதித்தார். ஒரு தடவைகூட உறையவில்லை. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. அந்த வழி குறுகல். மூட்டை பத்து நிமிஷத்துக்கு ஒன்று போகாது, இருபதுக்கு ஒன்றுதான். சின்னவன் படுத்தால் தூரத்துக்காரனுக்கும் சோறு கிடையாது.

"பத்து நிமிஷத்துக்கு மேல தொலையாதுன்னு எழுதிக் குடுத்திருந்தாரில்ல, அதை அவரே பெரிய மேடம் முன்னாடி அடிச்சுட்டு இருபதுன்னு திருத்தினாராம்" என்றாள் அக்கா. "'ரெண்டையும் சேர்த்தா ரெண்டோட கெட்டதும் வரும் மேடம், எந்தக் கெட்டது நமக்குத் தாங்கும்னு பார்த்துத்தான் வைக்கணும்'னாராம்."

"அப்புறம்?"

"சரின்னுட்டாங்க." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அடுத்த மாசம் போகணும்டீ."

சனிக்கிழமை காலை மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். மாமா இறங்கி வந்து எனக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். மடித்த மஞ்சள் தாளைப் பிரித்தார்.

"வாலு, ஒரு நோயாளியப் பத்தி உன்கிட்ட கேட்கணும். மூட்டுவலி. மூணு நாளா காலை ஒன்பதரைலேர்ந்து கவுண்ட்டருக்கு எதிர்லயே உக்காந்திருக்காரு. ஒரு டாக்டரையும் பார்க்கல. அவருக்கு என்ன வியாதியா இருக்கும்?"

"வயசானவங்க மாமா. போக இடமில்லாம உக்காந்திருப்பாங்க."

"நான் ஞாயித்துக்கிழமை சோதிச்சதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். தலைகீழாக இருந்தது, திருப்பி வைத்தேன்.

"அதை விடு. கணக்கு திங்கக்கிழமையிலேர்ந்து இருக்கு. பத்து நிமிஷம்ங்கறது திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கும். தாள் பெட்டில விழுந்தது புதன்கிழமை. நடுவுல ரெண்டு நாள் எங்க போச்சு?"

"சரிபார்க்க வேண்டாமா? அவசரப்பட்டுத் தப்பா எழுதிட்டா?"

"செவ்வாக்கிழமை சரிபார்த்ததுல நாலு டீ வந்துச்சாமே. டோக்கன் அண்ணன் சொன்னாரு. இப்பவும் உன் கண்ணைப் பார்க்க பயப்படறாரு."

மேலே அக்காவின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா குரலைத் தாழ்த்தினார்.

"நான் தோத்திருந்தா உங்க அக்கா இங்கயே இருந்திருப்பா. உனக்குத் தெரியும். அந்த ரெண்டு நாள் ஏன் போடலன்னு நான் கேட்கல. உன் இடத்துல நான் இருந்தா நோட்டையே கொளுத்தியிருப்பேன்." தாளை மடித்து என் புத்தகத்துக்குள் வைத்தார். "மூணாவது நாள் ஏன் போட்ட? அதை மட்டும் சொல்லு."